காதோரம் வெளுத்த முடி

அக்காவுக்கு வலக்காது கேட்காது. இது எங்கள் வீட்டு இரகசியம். அப்பா தெற்கே கடை வைத்திருந்தார், வருடத்தில் இரண்டு முறைதான் எங்கள் தீவு ஊரான இறுப்பிட்டிக்கு வருவார். மற்ற நாளெல்லாம் அம்மாவும் அக்காவும் நானுமாக அந்தக் காதைக் காவல் காத்தோம்.

சின்ன வயதிலிருந்தே சீழ் வடிகிற காது. கோடையில் நிற்கும், மாரி வந்தால் மறுபடி வடியும். வலப்பக்கம் நின்று கூப்பிட்டால் அக்கா திரும்பமாட்டாள். ஊரில் பாதிப் பேர் அவளை இடும்புக்காரி என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அம்மாவுக்கு அதில் வருத்தமே இல்லை. இடும்புக்காரியைக் கட்டிக்கொடுத்துவிடலாம், செவிடியை யார் கட்டுவான் என்று நினைத்தார். அவளுக்கு ஒரு வித்தையும் பழக்கியிருந்தார். யாரோ ஏதோ சொல்வது போலத் தெரிந்து, என்னவென்று விளங்காவிட்டால், தலையைக் குனிந்து சிரிக்கவேண்டும். ஒரு பெண்பிள்ளை எந்தக் கேள்விக்கும் சொல்லக்கூடிய பதில் அதுதான் என்பது அம்மாவின் எண்ணம். பெரும்பாலும் அது போதுமானதாகவும் இருந்தது.

அக்காவுக்கு இருபத்துமூன்று நடந்தபோது வேலணையிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தார்கள். அறுபதுகளின் நடுப்பகுதி அது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அக்கா நல்ல வெள்ளை, மூக்கும் முழியும் செதுக்கினது போல. நான் கறுப்பு. இதை நான் இப்போது சாதாரணமாக எழுதுகிறேன். அப்போது ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் எனக்கு ஞாபகப்படுத்துவார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சம்பந்தம் பேசத் தொடங்கியதும் அக்காவுக்குப் பயம் பிடித்தது.

"எடியே, கலியாணம் முடிஞ்சால் அந்த மனுஷன் எந்தப் பக்கம் படுக்கும்?" என்று என்னிடம் கேட்டாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

யாருக்கும் தெரியாமல் அம்மா அவளை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு கறுத்தப் போத்தலில் மருந்து கொடுத்தார்கள். காதில் விட்டதும் சோடாப் போல நுரைத்துக்கொண்டு வெளியே வரும். ஐதரசன் பெரொக்சைட் என்ற பெயரெல்லாம் பிற்காலத்தில் அறிந்தது. எங்களுக்கு அது நுரைமருந்து. நாளைக்கு இரண்டு முறை ஐந்து துளி என்று சொல்லி அனுப்பினார்கள். அக்கா ஐந்து துளியோடு நிற்பாளா? எப்படியாவது கேட்டுவிடவேண்டும் என்ற ஆசையில் காது நிரம்பி வழிய வழிய ஊற்றினாள். பிறகு அந்தக் காதை மேலே வைத்து முற்றத்து வெயிலில் ஒரு மணித்தியாலம் படுத்துக்கிடப்பாள். சூட்டில் சீழ் காய்ந்துவிடும் என்று அவளாகவே கண்டுபிடித்த வைத்தியம். போத்தல் முடிந்தால் இன்னொன்று. நாலு மாதத்தில் சீழும் நிற்கவில்லை, செவிடும் போகவில்லை. காதுக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்கு முடி செம்பட்டையாகி, பிறகு வைக்கோல் மஞ்சளாகிவிட்டது.

அம்மா கண்டதும் தலையில் அடித்துக்கொண்டார். "பறங்கிச்சி மாதிரி நிக்கிறாளே! அம்மன் கோயிலுக்கு வரச்சொல்லிக் கிடக்கு, இன்னும் பத்து நாள்."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க நேரே வீட்டுக்கு வருவது குறைவு. இரண்டு குடும்பமும் ஒரு கோயிலில் தற்செயலாகச் சந்தித்தது போலச் சந்திக்கும். பிடிக்காவிட்டால் யாருக்கும் மானம் போகாது, கும்பிட வந்தோம், கும்பிட்டோம், போகிறோம். எங்களுக்கு நயினாதீவு அம்மன் கோயில் என்று ஏற்பாடு. வெள்ளிக்கிழமைப் பூசை.

அந்தக் கற்றையை ஒட்ட நறுக்கிவிட்டிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். அம்மா விடவில்லை. கலியாணம் பேசுகிற வீட்டில் குமர்ப்பிள்ளையின் தலையில் கத்தரி வைப்பதா, தாலியறுத்தவள் மாதிரி என்று கத்தினார். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசிப் பார்த்தார். தலையணை கறுத்தது, தோள் கறுத்தது, காது கறுத்தது. அடுத்த முழுக்கில் மஞ்சள் முன்னையைவிடப் பளபளப்பாக வந்து நின்றது.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "அம்மா, நான் அந்த மஞ்சளை எடுத்துத் தாறன்."

வீட்டில் வெள்ளை உடுப்புக்கு நான்தான் பொறுப்பு. எங்கள் கிணறு உவர். அந்தத் தண்ணீரில் எதைத் தோய்த்தாலும் நாலாம் தோய்ச்சலில் மஞ்சள் பாரிக்கும். அப்பா வரும்போது அவருடைய வேட்டிகளை நான்தான் நீலம் போட்டு மீட்பேன். அதற்கு ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. நீலத்தைச் சின்னத் துணியில் முடிந்து தண்ணீரில் மூன்று தரம் அமத்தவேண்டும், நாலாந்தரம் கூடாது. கையை உள்ளே விட்டால் தண்ணீரில் நிறம் தெரியவேண்டும், நகத்தில் பிடிக்கக்கூடாது. என் கைபட்ட வேட்டியைப் பார்த்து அப்பாவே "கடைச்சரக்கு மாதிரி இருக்கு" என்றிருக்கிறார். என்னைப் பற்றி வீட்டில் யாரும் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

என் யோசனை இதுதான்: மஞ்சள் ஒரு கறை. வேட்டியிலிருந்து கறை போனால் அதன் சொந்த நிறமான வெள்ளை வருகிறது. முடியிலிருந்து கறை போனால் முடியின் சொந்த நிறமான கறுப்பு வரவேண்டும். இதில் என்ன பிழை? பதினேழு வயதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. அக்கா தலையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

முதல் நாள் நீலம் கூடிப்போய் முடி பாசிப்பச்சையாக வந்தது. நான் அசரவில்லை. சவர்க்காரமும் தேசிக்காயும் போட்டுக் கசக்கிப் பச்சையை ஓட்டினேன். இரண்டாம் நாள் உவர்த் தண்ணீரை விட்டுவிட்டு, சமையலுக்கென்று தூரத்திலிருந்து சுமந்து வந்த நல்ல தண்ணீரில் ஒரு வாளியைக் களவாக எடுத்தேன். நீலத்தை ஒரே தரம் அமத்தினேன். கற்றையை அதில் ஊறவிட்டு, பிழிந்து, வெயிலில் காயவிட்டு, மறுபடி ஊறவிட்டேன். மத்தியானத்துக்குள் மஞ்சள் வெளிறத் தொடங்கியது. இந்தக் காலத்தில் தலைமயிரை வேண்டுமென்றே வெளுக்கிற பெண்களுக்கு மஞ்சள் போக்க ஊதா நிறச் சவர்க்காரம் விற்கிறார்களாம். இறுப்பிட்டிக் கிணற்றடியில் அதை நான் எப்போதோ செய்துவிட்டேன்.

அக்காவிடம் இருந்தது கைக்கண்ணாடி. காதுக்கு மேலே என்ன நடக்கிறது என்று அவளால் ஒழுங்காகப் பார்க்க ஏலாது.

"கறுக்குதோ?" என்று கேட்டாள்.

"வடிவா வருது. இன்னும் ஒரு நாள்" என்றேன்.

கறுக்கவில்லை என்று எனக்கு அந்த மத்தியானமே தெரியும். மஞ்சளுக்கு அடியில் கறுப்பு இல்லை, ஒன்றுமே இல்லை என்று கண்டுவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவளைக் கெடுக்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அப்படி நினைத்திருந்தால்கூட என்னை நானே மன்னிக்க இலகுவாக இருந்திருக்கும். என் கைக்குள் ஒரு பொருள் அவ்வளவு அழகாக வெளுத்து வந்தது. இன்னும் எவ்வளவு வெளுக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் முடி காய்ந்தபோது மஞ்சளில் ஒரு நூல்கூட மிச்சமில்லை. கிழவி ஒருத்தியின் தலையில் பிடுங்கி அக்காவின் காதுக்கு மேலே ஒட்டினது போலச் சுத்த வெள்ளை.

அம்மா வந்து பார்த்தார். என் கன்னத்தில் அறைந்தார். பிறகு அக்காவுக்கும் ஒன்று விழுந்தது, அவளுக்கு எதற்கென்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

எங்கள் தீவுகளில் செம்பட்டை முடி ஒரு பெரிய விஷயமே அல்ல. கடலிலும் வெயிலிலும் கிடக்கிற பிள்ளைகளில் பாதிக்கு அதுதான் நிறம். மஞ்சளாகவே விட்டிருந்தால் உப்புக்காற்று என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். இளம்பெண்ணின் தலையில் ஓரிடத்தில் மட்டும் முடி வெள்ளையாக இருந்தால் அதற்கு ஊரில் ஒரே பெயர்தான், வெண்குட்டம். அடியில் தோலும் வெளுத்திருக்கிறதோ என்று பார்ப்பார்கள். அக்காவின் தோலோ பிறந்ததிலிருந்தே வெள்ளை, எங்கே வெளுப்பு தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று எவரால் சொல்ல முடியும்? ஊரே புகழ்ந்த நிறம் அவளுக்கு எதிராகவே சாட்சி சொல்ல நின்றது.

வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா விளக்குக் கரியை இந்தமுறை ஆமணக்கெண்ணெயில் தடிப்பாகக் குழைத்து அப்பினார். அதன்மேல் முடியை இழுத்து வாரி, பூவையும் சரித்து வைத்தார். யார் எங்கே நிற்பது என்றும் ஒழுங்கு செய்தார். மாப்பிள்ளை வீட்டார் இடப்பக்கமாக வருவார்கள், அக்காவின் நல்ல காது அந்தப் பக்கம். நான் அவளுடைய வலப்பக்கத்தில் மதில் போல ஒட்டி நிற்கவேண்டும், என்ன நடந்தாலும் அசையக்கூடாது. எனக்கு நிறம் போன பழைய தாவணி ஒன்றை உடுக்கத் தந்தார். "உன்னை ஒருத்தரும் பாக்க வரேல்லை" என்றும் சொன்னார்.

குறிகட்டுவான் துறையில் லோஞ்சு ஏறும்போதே வெயில் சுட்டது. கோயிலில் கால் வைக்க இடமில்லாத சனம். பூசை முடிந்து வெளிவீதிக்கு வந்தோம். மாப்பிள்ளையின் தாய் இன்னொரு பெண்ணோடு சிரித்தபடி வந்தாள். மாப்பிள்ளை கொஞ்சம் தள்ளி நின்று வேறெங்கோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். சுருட்டை முடி, நல்ல உயரம். அம்மா காலையில் சொன்னது எனக்குள் எரிந்துகொண்டே இருந்தது. என்னையும் அவர் ஒருதரம் பார்க்கட்டுமே என்று நினைத்தேன். இரண்டு அடி முன்னே எடுத்து வைத்தேன்.

நான் விட்ட அந்த இடத்தில் மாப்பிள்ளையின் தாய் வந்து நின்றாள்.

நல்ல மனுஷிதான் அவள். முதலில் அன்பாகத்தான் கை நீட்டினாள். "கழுத்தெல்லாம் கரி வழியுது பிள்ளை, கொஞ்சம் பொறும்" என்று தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள். வியர்வையில் கரி கரைந்து அக்காவின் கழுத்தில் கோடாக இறங்கியிருந்தது. கழுத்திலிருந்து காதடி, காதடியிலிருந்து மேலே என்று துடைத்துக்கொண்டே போனாள். கை அங்கே நின்றது. தலைப்பைப் பார்த்தாள், முடியைப் பார்த்தாள். பக்கத்தில் குனிந்து மெல்லக் கேட்டாள்.

"இது எப்ப தொடக்கம் பிள்ளை?"

வலக்காது. அக்காவுக்கு ஏதோ கேட்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. பழக்கியபடி தலையைக் குனிந்து சிரித்தாள்.

"சிரிக்கிறீரோ?"

அக்கா இன்னும் வடிவாகச் சிரித்தாள்.

அந்த மனுஷியின் முகம் இறுகிப்போனது. அம்மாவிடம் திரும்பினாள். "பூசி மறைச்சோ கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்? எங்கட வீட்டிலயும் குஞ்சு குருமன் இருக்குதுகள், தெரியுமோ?"

அம்மா வாயைத் திறந்தார். இது மருந்து பட்டு வெளுத்த முடி என்று சொல்லவேண்டும். என்ன மருந்து என்றால் காது மருந்து. காதுக்கு என்ன என்றால் செவிடு. திறந்த வாயை அம்மா அப்படியே மூடிக்கொண்டார். நானும் சொல்லவில்லை. அக்காவின் சிரிப்பு மட்டும் இன்னும் முகத்தில் இருந்தது, அதை எப்போது நிறுத்தலாம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. மாப்பிள்ளை தாயோடு இறங்குதுறைப் பக்கம் நடந்தார். கடைசிவரையில் என்னை அவர் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கத்தரியை எடுத்து அந்தக் கற்றையை அடியோடு நறுக்கினார். ஒரு கிழமைக்குள் வேலணையில் பேசியது எங்கள் வீட்டு ஒழுங்கைக்கு வந்து சேர்ந்தது. அக்காவிடம் சட்டை தைக்கக் கொடுத்தவர்கள் தைக்காத துணியைத் திருப்பி வாங்கினார்கள். கோயிலில் அவள் நின்ற இடத்தில் நிற்காமல் விலகிப் போனார்கள்.

இரண்டு மாதத்தில் வேரிலிருந்து முடி வந்தது. கன்னங்கரேலென்று வந்தது. வெண்குட்டமாக இருந்தால் அப்படி வருமா? அம்மா ஒவ்வொரு காலையும் அக்காவின் தலையை விரித்து, வலப்பக்கம் தெருவுக்குத் தெரிய வாசல் படலையடியில் கதிரை போட்டு இருத்தினார். போகிறவர்கள் பார்த்தார்கள். "நல்லா மை பூசி இருத்தியிருக்கு" என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

அடுத்தமுறை அப்பா வந்தபோது விஷயமறிந்து எல்லாரையும் ஏசிவிட்டு, அக்காவை யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். போய்ப் போய் வந்து ஆறு மாதத்தில் சீழ் நின்றது. ஒருநாள் குசினியில் அவளுக்கு வலப்பக்கம் நின்றபடி, "சனியன்" என்று வாய்க்குள் முணுமுணுத்தேன். அவள் சட்டென்று திரும்பினாள். "ஆரைச் சொல்லுறாய்?"

நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "இனி அவளுக்குக் கேட்டென்ன, கேளாட்டி என்ன" என்றார்.

பிறகு என் முறை வந்தது. எனக்கு இருபத்தொன்று நடக்கும் வரைக்கும் நாலு சம்பந்தம் வந்து நாலும் அந்த ஒரே சொல்லில் முறிந்தது. தமக்கைக்கு வெண்குட்டம், இரத்தத்தில் இருக்கும், தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் வரும். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அக்காவைக் கண்டாலே வெறுப்பாக இருந்தது. அவளுடைய தலையை வெளுத்தது என் கைதான் என்பதைக் கூட நான் அந்த நாட்களில் வசதியாக மறந்திருந்தேன்.

ஐந்தாவதாக வந்தது காரைநகர்ச் சம்பந்தம். மாப்பிள்ளை அரசாங்க உத்தியோகம். அவருடைய மாமி ஒருத்தி, தாயைப் போல வளர்த்தவள், வீட்டுக்கே வந்து விசாரிப்பதாகச் சொல்லியனுப்பினாள். இந்த முறை அம்மா உண்மையைச் சொல்ல முடிவெடுத்தார். மூத்தவளுக்குக் காது செவிடு, அதற்கு விட்ட மருந்து பட்டு முடி வெளுத்தது, வேறு ஒன்றும் இல்லை. மூத்தவளைக் கட்டிக்கொடுப்பதற்காக மறைத்ததை இளையவளைக் கட்டிக்கொடுப்பதற்காக எடுத்து வெளியே வைத்தார்.

ஒரு சிக்கல்தான் இருந்தது. அக்காவுக்கு இப்போது காது கேட்டது.

அம்மா அவளைக் கூப்பிட்டு இருத்தினார். "அந்த மனுசி சோதிச்சுப் பாப்பா. உனக்குக் கேக்குதெண்டு கண்டால் நாங்கள் சொன்னதெல்லாம் பொய்யெண்டு போயிடும். தங்கச்சியின்ர வாழ்க்கை. என்ன சொன்னாலும் அசையாதை."

அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க ஏலவில்லை.

"எந்தக் காது?" என்று கேட்டாள்.

"வலது" என்றார் அம்மா.

மாமிக்காரி வந்தாள். தேத்தண்ணி குடித்தாள். அம்மா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப செவிடெண்டதை ஒருக்கால் பாப்பம்" என்றாள். அம்மா தானே எழுந்துபோய் அக்காவின் இடக்காதைத் தன் உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தினார். அக்கா கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். எனக்கு நேரெதிரே. மாமிக்காரி அவளுக்குப் பின்னால் போய் வலக்காதடியில் குனிந்தாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, வழமையாகக் கதைக்கிற குரல்தான்.

"உம்மை இனி ஒருத்தரும் கட்டமாட்டினம் பிள்ளை. தங்கச்சி பெறுகிற பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு ஒரு மூலையில கிடவும்."

எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அக்கா அசையவில்லை. கண்கூட இமைக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"ஓம், பாவம், செவிடுதான்" என்றாள் மாமிக்காரி. "அப்ப நாள் பாப்பம்."

அவள் போனபிறகுதான் அம்மா கையை எடுத்தார். பொத்திய இடம் சிவந்துபோயிருந்தது. அக்கா எழுந்து தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கினாள். என்னைக் கடந்து குசினிக்குப் போகும்போது நின்றாள்.

"நான் சரியாச் செய்தனானோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன். ஆவணியில் எனக்குக் கலியாணம் நடந்தது.